உங்கள் தம்பி போட்ட கோல்கள்

மதிப்பும் பிரியமும் உள்ள நாத்தனார் அவர்களுக்கு,

உங்கள் தம்பி மனைவி வணக்கத்துடன் எழுதுவது. இங்கு நான் நலம். உங்கள் நலத்தையும், அண்ணனின் முழங்கால் நலத்தையும் அறிய ஆவல். உங்கள் தம்பி சாப்பாடு, தூக்கம் இரண்டிலும் ஒரு குறையும் இல்லாமல் நலமாக இருக்கிறார். மற்றபடி அவர் எப்படி இருக்கிறார் என்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். போன் என்று ஒன்று எதற்கு இருக்கிறது என்று கேட்பீர்கள். இந்தக் குடியிருப்பின் சுவர்களைக் கட்டியவர் செங்கல்லுக்குப் பதில் அட்டையை வைத்துக் கட்டிவிட்டார் போலிருக்கிறது. நான் இங்கே இருமினால் பக்கத்து வீட்டில் வெந்நீர் வைக்கிறார்கள். இந்த விஷயத்தை அப்படிப்பட்ட சுவருக்குப் பக்கத்தில் நின்று பேச முடியாது. ஏன் என்பது படிக்கப் படிக்கப் புரியும்.

அக்கா, உங்கள் அப்பா வீட்டில் இருந்த அந்தக் கதவு வைத்த டிவி உங்களுக்கு ஞாபகம் இருக்கும். நான் கல்யாணமாகி வந்த புதிது. ஹாக்கி மேட்ச் என்றால் தெருவே கூடத்தில் உட்கார்ந்திருக்கும். உங்கள் தம்பி டிவிக்கு ஒரு சாண் தள்ளி உட்கார்ந்துகொண்டு, "இன்னும் கொஞ்சம் திருப்பு, இன்னும் கொஞ்சம், போச்சு, போச்சு, பழைய இடத்துக்கே வா" என்று கத்துவார். மொட்டை மாடியில் ஆன்டெனாக் கம்பத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நிற்பது நீங்கள். ஒரு இறுதி ஆட்டம் முழுவதும் நீங்கள் மேலேயே நின்றீர்கள். கோல் விழுந்தது கீழே கேட்ட சத்தத்தில்தான் உங்களுக்குத் தெரியும். இருந்தாலும் சொல்கிறேன், அந்தக் காலத்தில் அந்த ஆட்டம் எனக்கே புரிந்தது. ஒரே ஒரு கேமரா, எங்கேயோ உயரத்தில். மைதானம் முழுவதும் சாப்பாட்டு மேஜை மாதிரி தெரியும். ஆட்களுக்கு முகம் கிடையாது. காலுறையை இறக்கிவிட்டவன், இறக்கிவிடாதவன், அவ்வளவுதான் அடையாளம். ஆனால் வர்ணனை செய்கிறவர் பந்து யாரிடம் இருக்கிறது, எந்தப் பக்கம் போகிறது என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வருவார். நடுவில் தண்ணீர் குடித்தால் குடிக்கிற சத்தமும் கேட்கும். சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருக்கும் எனக்குப் பந்து இடது ஓரத்தில் இருக்கிறது என்று தெரியும். எனக்கு இடது ஓரம் எது என்று தெரியாது, அது வேறு விஷயம்.

இப்போது நம் பெரியவன் அனுப்பிய டிவி சுவரில் பாதியை அடைத்துக்கொண்டு நிற்கிறது. கோல் கீப்பர் நெற்றியில் ஓடுகிற வியர்வை எந்தப் பக்கம் வழிகிறது என்று கூடச் சொல்லிவிடலாம். பந்து எங்கே இருக்கிறது என்பதை மட்டும் சொல்ல முடியாது. ஏனென்றால், பந்து ஓடும்போது கேமரா கூட்டத்தில் தூங்குகிற குழந்தையைக் காட்டுகிறது. குழந்தையை விட்டுத் திரும்பினால் ஒருவன் ஷூ லேஸ் கட்டுவதைக் காட்டுகிறது. நான்கு பேர் கோட்டுப் போட்டுக்கொண்டு கண்ணாடி மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து, ஒருவர் பேச்சை ஒருவர் வெட்டி, ஒரு ஆட்டக்காரனின் தலைமுடியைப் பற்றிப் பேசுகிறார்கள். திரையின் ஒரு மூலையில் ஸ்கோர், இன்னொரு மூலையில் பந்து போன வேகம், கீழே எந்தச் சோப்பை வாங்க வேண்டும் என்ற அறிவுரை. பெனால்டி கார்னர் எடுக்கப் போகிறார்கள் என்றதும் படம் சுருங்கி ஓரமாக ஒதுங்கிக்கொள்ள, நடுவில் ஒருவர் வந்து ஷாம்பு போட்டுக் குளிக்கிறார். அவர் குளித்து முடிப்பதற்குள் கோல் விழுந்து, எல்லோரும் கட்டிப்பிடித்து, கலைந்தும் போயிருப்பார்கள். உங்கள் தம்பி, "அந்தாளு குளிச்சு முடிக்கிற வரைக்கும் எவனும் கார்னர் எடுக்கக் கூடாதுன்னு ஒரு சட்டம் போடணும்" என்று திரையைப் பார்த்தே திட்டுவார். முன்பு இரண்டு பாதியாக இருந்த ஆட்டத்தை நான்காக வெட்டியதே இந்த ஷாம்புக்காரர் குளிக்கத்தான் என்பது அவர் கட்சி.

இப்படியே திட்டிக்கொண்டிருந்தவர் ஒருநாள் சத்தத்தை அடைத்துவிட்டார். டிவியின் சத்தத்தை. அடைத்துவிட்டு, தானே வர்ணனை சொல்ல ஆரம்பித்தார். அவர் குரலைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. முப்பது வருஷம் ரயில் நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்த குரல். எங்கேயோ ஒரு காட்டில் நின்றுவிட்ட ரயிலை, "இன்னும் சற்று நேரத்தில் வந்து சேரும்" என்று நடுங்காமல் சொல்லிச் சம்பளம் வாங்கிய குரல். அதை நம்பிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பிளாட்பாரத்தின் ஓரத்துக்கு ஓடியவர்கள் எத்தனை பேர். இதை ஏன் சொல்கிறேன் என்றால், பின்னால் நடந்ததற்கெல்லாம் அந்த வேலைதான் அஸ்திவாரம். காதுப் பக்கம் ஒரு கையை வைத்துக்கொண்டு, "பச்சைச் சட்டைக்காரர்கள் நடுக்கோட்டைத் தாண்டுகிறார்கள், பந்து வலது ஓரத்துக்குப் போகிறது" என்று ஆரம்பித்தால் அவருக்கு வீடு, வாசல், பெண்டாட்டி எதுவும் கண்ணில் படாது. டீயைக் கொண்டுபோய் வைத்தால், "பார்வையை மறைத்துக்கொண்டு ஒருவர் மைதானத்தைக் கடக்கிறார்" என்று என்னையும் சேர்த்துக்கொள்வார்.

நான்கைந்து ஆட்டம் இப்படிப் போனது. ஒரு சாயங்காலம் பக்கத்து வீட்டுச் சுவரில் யாரோ தட்டினார்கள். சத்தம் தாங்காமல் தட்டுகிறார்கள் என்று நான் மன்னிப்புக் கேட்கப் போனேன். கதவைத் திறந்தது அந்த வீட்டுப் பெண். ஆஸ்பத்திரியில் நர்ஸ், வார்த்தைக்கு வார்த்தை அதட்டல், மனசு மட்டும் தங்கம். "அய்யோ, சண்டை போட இல்லம்மா. அப்பா இன்னும் கொஞ்சம் சத்தமா சொல்லச் சொன்னார். ஹாஃப் டைமுக்கு முன்னாடி யார் கோல் போட்டாங்கன்னு சரியா கேக்கலையாம்" என்றாள். அவள் அப்பா ஓய்வுபெற்ற பல் டாக்டர். இளமையில் கோல் கீப்பராக நின்று முன்பல் இரண்டை மைதானத்தில் விட்டுவிட்டு வந்தவர். அதைக் கட்டப் போன இடத்தில்தான் அந்தத் தொழில் மேல் ஆசை வந்ததாம். இப்போது கண் நரம்பு கெட்டு, வெளிச்சம் இருக்கிறதா இல்லையா என்பது மட்டும் தெரிகிறது. அவரும் பச்சைச் சட்டைக்காரர்களின் ஆள். பல வருஷமாக எதையும் ஜெயிக்காத ஒரு டீமை நம்புகிறவர்கள் இந்த ஊரில் இரண்டே பேர். இருவரும் ஒரே சுவருக்கு இரண்டு பக்கமும் இருந்திருக்கிறார்கள். அன்றிலிருந்து டாக்டர் சுவர் ஓரமாக நாற்காலியைப் போட்டுக்கொண்டார். ஒரு தட்டு தட்டினால் கேட்கிறது என்று அர்த்தம். இரண்டு தட்டினால் திருப்பிச் சொல்ல வேண்டும். எனக்கும் ஒரு சந்தோஷம்தான், பொய் சொல்வானேன்.

அப்புறம்தான் வினை வந்தது. அந்தச் சேனல் ஹாக்கியைக் கைகழுவிவிட்டது. இனி ஆட்டம் எல்லாம் போனில்தானாம். நர்ஸ் வந்து உங்கள் தம்பியின் போனில் எதையோ இறக்கிக் கொடுத்துவிட்டுப் போனாள். உள்ளங்கை அகலத் திரையில் இருபத்திரண்டு பேர் எறும்பு மாதிரி ஓடுகிறார்கள். பந்து என்று ஒன்று இருப்பதை நம்பித்தான் ஏற்றுக்கொள்ள வேண்டும். அதுவும் ஒழுங்காக ஓடாது. பச்சைச் சட்டைக்காரன் ஒருவன் பந்தோடு கோலை நோக்கிப் பாய்ந்துகொண்டிருந்தபோது படம் அப்படியே உறைந்துபோய், நடுவில் ஒரு வட்டம் சுற்ற ஆரம்பித்தது. சுற்றுகிறது, சுற்றுகிறது, நிற்கவே இல்லை. சுவரில் தட்டு விழுந்தது, இரண்டு. ரயில் வரவில்லை என்றாலும் மைக் சும்மா இருக்கக் கூடாது என்று பழகியவர் அல்லவா. "பாய்கிறார், ஒருவரைத் தாண்டுகிறார், இன்னொருவரையும் தாண்டுகிறார், அடித்தார், கோல்" என்று சொல்லிவிட்டார். அந்தப் பக்கம் டாக்டர் சுவரில் மேளம் வாசித்தார். வட்டம் இன்னும் சுற்றியது. இவர் இன்னொரு கோலும் போட்டார். வட்டம் நின்று படம் வந்தபோது எதிர் டீம் மூன்று கோல் போட்டு முடித்திருந்தது.

"இப்ப என்னங்க பண்ணப் போறீங்க?" என்று நான் கிசுகிசுத்தேன்.

"இருடி. கொடுத்த கோலை எப்படித் திருப்பி வாங்கறது?" என்றார்.

வாங்கவில்லை அக்கா. அன்று பச்சைச் சட்டைக்காரர்கள் நம் வீட்டில் ஜெயித்தார்கள், மைதானத்தில் தோற்றார்கள். சரி, ஒருநாள் கூத்து என்று நானும் விட்டுவிட்டேன். அடுத்த ஆட்டத்தில் நம்மவர்கள் மறுபடி ஜெயித்ததைச் சமையலறையிலிருந்து கேட்டேன். அதற்கு அடுத்த ஆட்டத்திலும் ஜெயித்தார்கள். அடடே, இவ்வளவு நாள் கழித்து உருப்பட்டுவிட்டார்களே என்று நானே சந்தோஷப்பட்டேன். பிறகு ஒருநாள் அலமாரித் தட்டில் விரிக்கப் பழைய செய்தித்தாளை எடுத்தால், விளையாட்டுப் பக்கத்தில் பச்சைச் சட்டைக்காரர்கள் பட்டியலின் அடியில் கிடக்கிறார்கள். ஐந்துக்குப் பூஜ்யம், நான்குக்கு ஒன்று என்று வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். தாளை அவர் முகத்துக்கு நேரே பிடித்தேன். உங்கள் தம்பி கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிதானமாகப் படித்தார். "இது அவங்க ஆடின ஆட்டம்" என்றார். "அப்ப நீங்க சொன்னது?" என்றேன். "அது அவங்க ஆடியிருக்க வேண்டிய ஆட்டம்" என்றார். இந்தப் பதிலைச் சொல்கிறவரோடு குடும்பம் நடத்திக்கொண்டிருக்கிறேன் என்பதை நீங்கள் ஒரு நிமிஷம் நினைத்துப் பார்க்க வேண்டும்.

சொல்லிவிடுங்கள், சொல்லிவிடுங்கள் என்று நான் படித்துப் படித்துச் சொன்னேன். இன்றைக்குச் சொல்கிறேன், நாளைக்குச் சொல்கிறேன் என்றவர், பச்சைச் சட்டைக்காரர்களைக் கால் இறுதிக்குக் கொண்டுபோனார், அரை இறுதிக்குக் கொண்டுபோனார். நிஜத்தில் அவர்கள் ஸ்டிக்கை மூட்டை கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள். நம் வீட்டுக் கூடத்தில் மட்டும் இறுதி ஆட்டத்துக்குத் தகுதி பெற்றுவிட்டார்கள்.

அந்த நிலையில்தான் நர்ஸ் ஒரு மத்தியானம் என் சமையலறை ஸ்டூலில் வந்து உட்கார்ந்தாள். எப்போதும் அதட்டுகிறவள் அன்று அதட்டவில்லை. "அப்பாவுக்குப் புத்தி தடுமாறுதும்மா" என்றாள். நான் அடுப்பை அணைத்தேன். "முடி வெட்ட வந்தவர்கிட்ட நம்ம டீம் ஃபைனலுக்கு வந்துடுச்சுங்கறார். அவர் சிரிச்சா, அவரையே திட்டறார். எங்க ஆஸ்பத்திரி ஞாபகசக்தி டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனேன். அவர் என்ன தேதி, என்ன கிழமைன்னு கேட்டார், அப்பா எல்லாம் சரியா சொன்னார். சும்மா பேச்சுக்கு, ஹாக்கியில என்ன நடக்குது சார்னார். அப்பா ஒரு மணி நேரம் சொன்னார். எந்த நிமிஷத்துல யார் எப்படி கோல் போட்டான்னு. ஒண்ணு கூட நடக்கலம்மா. இப்பல்லாம் சாயங்காலம் எனக்கு டியூட்டி, சார் ஒண்ணு சொல்ல இவரா ஒண்ணு நினைச்சுக்கறார் போலிருக்கு. அந்த டாக்டருக்கும் ஹாக்கி பைத்தியம். அவர் மூஞ்சியே மாறிடுச்சு. பகல்ல தனியா விடாதீங்கன்னு சொல்லிட்டார். ஒரு முதியோர் இல்லத்துல சேர்த்துடலாமான்னு பாக்கறேன்" என்று சொல்லிவிட்டு முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

அக்கா, உண்மையை அங்கேயே கொட்டியிருக்க வேண்டும். அதற்குப் பதில் காபியைக் கொடுத்தேன். அவளை அனுப்பிவிட்டு உங்கள் தம்பியைப் பிடித்துக்கொண்டேன். விளையாட்டு விளையாட்டு என்று ஒரு நல்ல மனுஷனைப் பைத்தியக்காரர் ஆக்கிவிட்டீர்களே என்று நான் போட்ட சத்தத்தில் அவர் முகம் வெளிறிப்போனது உண்மை. உடனே சட்டையை மாட்டிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனார். போனவர் வெகுநேரம் கழித்து வந்தார். வாயில் பிஸ்கட் துணுக்கு ஒட்டியிருந்தது. "சொல்லிட்டீங்களா?" என்றேன். "சொல்லத்தான் போனேன். அவர் என் கையைப் பிடிச்சுக்கிட்டு, ஃபைனலுக்குச் சுவருக்கு அந்தப் பக்கம் வேண்டாம், இங்கயே பக்கத்துல உக்காந்து சொல்லுங்கன்னுட்டார். சரின்னுட்டேன்" என்றார்.

அப்புறம் நான் யாரையும் நம்பவில்லை. நேராக நர்ஸிடம் போய் ஒன்று விடாமல் சொன்னேன். முதலில் சிரித்தாள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அழுதாள். அழுது முடித்துக் கோபப்பட்டாள். கடைசியில் எழுந்து போய் அவள் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். சுவர் வழியாக நாங்கள் இருவரும் கேட்டுக்கொண்டிருந்தோம். டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்ளும் சத்தம் கேட்டது. பிறகு, "அரை இறுதியில அந்த கடைசி நிமிஷ கோலும் பொய்யா?" என்று கேட்டார். "பொய்தான்ப்பா" என்றாள். "எனக்குக் கண்ணுதான் தெரியலைன்னு நினைச்சேன். காதும் போச்சா" என்றார். அந்த ஒரு வார்த்தையில் உங்கள் தம்பி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அதற்கு முன்னால் நான் அவரை அவ்வளவு நாள் திட்டியதெல்லாம் ஒன்றுமில்லை.

அதன் பிறகு சுவர் ஊமையாகிவிட்டது. உங்கள் தம்பி மன்னிப்புக் கேட்கப் போனார்; டாக்டர் தூங்குகிறார் என்று பதில் வந்தது. உள்ளே ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. மறுபடி போனார், மறுபடி தூக்கம். மனுஷர் போனைத் தொடவில்லை. டிவியில் ஷாம்புக்காரர் குளித்தபோதுகூட ஒன்றும் சொல்லாமல் பார்த்துக்கொண்டிருந்தார். அதைப் பார்த்துத்தான் எனக்குப் பயம் வந்தது.

இன்று காலை வாசலில் கைத்தடிச் சத்தம். டாக்டரே நிற்கிறார், பின்னால் நர்ஸ். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. உங்கள் தம்பி எழுந்து நின்றார்.

"நேத்து என் பொண்ணு ஒரு மேட்ச்சை போன்ல போட்டு என் காதுல வச்சா. நிஜ மேட்ச், நிஜ ஆளுங்க பேசறது. முழுசா கேட்டேன். ஒருத்தன் கல்யாணம் பண்ணப் போறானாம், அதைப் பத்தி அரை மணி நேரம். இன்னொருத்தன் கையில என்ன பச்சை குத்தியிருக்கான்னு ஒரு பத்து நிமிஷம். பந்து யார்கிட்ட இருக்குன்னு ஒருத்தன் சொல்லணுமே. கோல்னு கத்தினாங்க. எந்தப் பக்கம்னு தெரியல. கண்ணு இருக்கிறவனுக்குத்தான் எல்லாம் தெரியுதே, எதுக்குச் சொல்லணும்னு விட்டுட்டாங்க போலிருக்கு" என்றார்.

உங்கள் தம்பி தலையைக் குனிந்துகொண்டே, "தப்புப் பண்ணிட்டேன் டாக்டர்" என்றார்.

"பண்ணினீங்க. ஆனா பொய் சொன்னப்பகூட பந்து எங்க இருக்குன்னு சொல்லிட்டுச் சொன்னீங்க" என்றார் டாக்டர். "நாளைக்கு ஃபைனல். சிவப்புச் சட்டையும் மஞ்சள் சட்டையும். ரெண்டு பேரையும் எனக்குப் பிடிக்காது. வந்து சொல்லுங்க. ஒரு கோல் இல்ல, பாதி கோல் கூட சொந்தமா போடக் கூடாது."

"வட்டம் சுத்தினா?"

"வட்டம் சுத்துதுன்னு சொல்லுங்க."

உங்கள் தம்பி என் தலை மேல் கை வைத்துச் சத்தியம் செய்தார். தன் தலை இருக்க என் தலை எதற்கு என்று கேட்க நினைத்தேன், வந்தவர்கள் முன்னால் வேண்டாம் என்று விட்டுவிட்டேன். நர்ஸ் மட்டும், "இன்னொரு தடவை எங்கப்பாவ ஏமாத்தினா, உங்க ரெண்டு பேரையும் அதே ஞாபகசக்தி டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போவேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஆகவே அக்கா, இந்தக் கடிதத்தின் நோக்கம் இதுதான். நீங்கள் தூக்கி வளர்த்த பிள்ளை. உங்கள் பேச்சு ஒன்றுக்குத்தான் அவர் கட்டுப்படுவார். கடிதம் கிடைத்ததும் போன் போட்டு, இனி எந்த ஆட்டமானாலும் நடந்ததை நடந்தபடி சொல், தோற்றவனைத் தோற்றவன் என்று சொல் என்று நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிடுங்கள். உண்மை என்பது எவ்வளவு கசந்தாலும் உண்மைதான் என்று எனக்குத் தெரிந்த அளவில் நான் சொல்லிவிட்டேன். நான் சொன்னால் அது சமையலறைச் சத்தம். அண்ணனுக்கும் என் வணக்கத்தைச் சொல்லவும். குழந்தைகளுக்கு என் அன்பு, பெரியவர்களுக்கு என் பணிவு. உங்கள் இருவர் ஆரோக்கியத்துக்கும் ஒரு குறையும் வராமல் இருக்க வேண்டும், முக்கியமாகக் காது நன்றாகக் கேட்க வேண்டும் என்று வேண்டிக்கொள்ளும்,

உங்கள் தம்பியின் மனைவி

பின்குறிப்பு: நேற்று எழுதி ஒட்டாமல் வைத்தது நல்லதாகப் போயிற்று. இறுதி ஆட்டம் முடிந்த பிறகு இதைச் சேர்க்கிறேன். உங்கள் தம்பி காலையிலிருந்து குளியலறையில் ஒத்திகை பார்த்துத் தொண்டையைக் கெடுத்துக்கொண்டார். டாக்டர் வீட்டில் ஆட்டம் ஆரம்பிக்கும்போது அவருக்கு வந்தது வெறும் காற்றுதான். டாக்டர் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார், நர்ஸ் என்னைப் பார்க்கிறாள். வேறு வழியில்லாமல் போனை நான் வாங்கிக்கொண்டேன். எனக்கு இடது வலது வராது என்பதால், "பந்து பீரோ பக்கத்திலிருந்து ஜன்னல் பக்கம் போகுது டாக்டர்" என்றேன். "ஜன்னல் பக்கமா, சரி, சொல்லுங்க" என்றார். ஒரு வட்டம் சுற்றியது, வட்டம் சுற்றுகிறது என்று உள்ளதை உள்ளபடி சொன்னேன். முதல் பாதி முழுவதும் ஒரு கோலும் விழவில்லை. சிவப்பும் மஞ்சளும் மாற்றி மாற்றி விசிலுக்கு நின்றுகொண்டிருந்தார்கள். டாக்டர் கொட்டாவி விட்டார். பிறகு மெல்ல என் பக்கம் சாய்ந்து, "அம்மா, இந்த ரெண்டு பேரும் ஆடறதுக்கா இவ்வளவு தூரம் வந்தோம். நம்ம பசங்க வெளியில சும்மாதானே இருக்காங்க, உள்ள விடுங்களேன்" என்றார். நான் நர்ஸைப் பார்த்தேன். அவள் கூரையைப் பார்த்தாள். விட்டுவிட்டேன் அக்கா. பச்சைச் சட்டைக்காரர்கள் பீரோ பக்கமிருந்து வந்தார்கள், ஏழு கோல் போட்டார்கள், ஏழும் ஜன்னல் பக்கம். நாலாவது கோல் நர்ஸ் போட்டது. சும்மா உட்கார்ந்திருக்க முடியவில்லையாம். உங்கள் தம்பி காகிதத்தில் எழுதி எழுதிக் காட்டுகிறார், இறுதி ஆட்டத்தில் எவனும் ஏழு கோல் போடமாட்டான், வர்ணனைக்கு ஒரு தர்மம் இருக்கிறது என்று. தயவுசெய்து அவருக்குப் போன் போட வேண்டாம், அவரால் பேச முடியாது. எனக்கும் சாயங்காலங்களில் போட வேண்டாம். புது சீசன் ஆரம்பிக்கும் வரை காத்திருக்க முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார், நாளைக்கே ஒரு ஆட்டம் வைத்திருக்கிறோம்.